தட்டிக்கு இந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாலு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருவருக்குப் பல்வலி. ஒருவருக்கு மச்சினி வீட்டில் விசேஷம். இன்னொருவருக்கு ஒன்றுமே இருக்காது, சும்மா, "இந்த வாரம் மட்டும் விட்டுடேன்." நான் பதினோரு வருடம் உட்கார வைத்திருக்கிறேன். ஐந்நூறு ஞாயிறுக்கு மேல் வரும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். சொல்கிறேன். மெதுவாகப் பேசினால் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அசதி, அவ்வளவுதான். நேற்றுத் தூங்காததால் வந்த அசதி இல்லை இது. நாலைந்து வருடமாக உடம்பில் குடியிருக்கிறது, வாடகைகூடக் கொடுக்காமல்.

உங்களோடு வந்த காவலர் என் வீட்டு மேசையைப் பார்த்துவிட்டு, "சூதாட்டமா?" என்று கேட்டார். பகடை கிடந்ததால் கேட்டிருப்பார். சூதாட்டம் இல்லை. நாலு பேர் சேர்ந்து சொல்லும் கதை. ஒருவர் உலகத்தைச் சொல்வார்: இங்கே ஆறு, இங்கே சத்திரம், சத்திரக்காரனுக்கு ஒரு கண் இல்லை, அவன் பொய் சொல்கிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, "நான் கதவைத் தட்டறேன்", "நான் பின்பக்கமாப் போறேன்" என்பார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்று பகடையை உருட்டிப் பார்ப்போம். உலகத்தைச் சொல்கிற வேலை என்னுடையது. அதனால் மற்ற மூவரும் என்னைத் தலையெழுத்து என்றே கூப்பிடுவார்கள். "தலையெழுத்து டீ போட்டாச்சா?" "தலையெழுத்து இன்னிக்கு உர்ருனு இருக்கு, ஜாக்கிரதை." முதல் வருடம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் யாராவது என் சொந்தப் பேரைச் சொன்னால்தான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தது.

அந்த உலகம் நானே செய்தது. கடையில் வாங்கிய புத்தகம் எதுவும் கிடையாது. ஒரு ஆறு, அதில் படகு அணைகிற ஏழு துறைகள். கடலோரத்து முதல் துறையில் கிளம்பி, ஆற்றை எதிர்த்து மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் தனிச் சட்டம், தனி நாணயம், தனி வசவு. நாலாம் துறையில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்தால் சிறை. பத்தொன்பது நோட்டுப் புத்தகங்கள், இதோ உங்கள் மேசையிலேயே அடுக்கி வைத்திருக்கிறீர்கள். ஒற்றைக்கண் சத்திரக்காரனின் மாமியார் எந்த ஊர்க்காரி என்பதுகூட அதில் இருக்கிறது. யாரும் கேட்டதில்லை. கேட்டால் முழிக்கக் கூடாது அல்லவா.

ஆடியவர்கள் மூன்று பேர். பெயிண்டர், பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவன். ஆட்டத்தில் ஓடக்காரன், படகு அவனுடையது. இரண்டாவது அவனுடைய அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் ஈ எறும்புக்குக்கூட வலிக்காமல் ஊசி போடுபவர், என் மேசையில் கொள்ளைக்காரி. வாயைத் திறந்தால் காது கூசும். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மூன்றாவது லிஃப்ட்காரர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எங்களில் மூத்தவர், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஆட்டத்தில் கஞ்சத்தனமான சுங்கக்காரன்.

எனக்கும் அவர்களுக்கும் நடுவே மேசைமேல் ஒரு அட்டைத் தட்டி நிற்கும். உட்கார்ந்தால் நெஞ்சளவு உயரம். அதற்குப் பின்னால் என் நோட்டும் என் பகடைகளும். நான் உருட்டுவது அவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கதையில் பயம் போய்விடும். தட்டியின் வெளிப்பக்கத்தில் பெயிண்டர் ஆற்றை முழுக்க வரைந்திருந்தான். ஆறாம் துறை வரைக்கும் அத்தனை அழகு. ஏழாம் துறை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பனிமூட்டம். "அங்க என்ன இருக்குன்னு நீ சொன்னதும் வரையறேன்" என்றான். என் பக்கம் வெறும் அட்டை.

எங்கள் மேசைக்கு விதி இரண்டே இரண்டு. ஒன்று, தட்டிக்குப் பின்னால் என்ன விழுந்தது என்று கேட்கக் கூடாது. இரண்டு, வராதவருடைய காயைத் தொடக் கூடாது. ஒருவர் ஒரு ஞாயிறு வரவில்லை என்றால் அவருடைய பாத்திரம் படகில் தூங்குகிறது என்று அர்த்தம். மேசைமேல் விரித்த ஆற்று வரைபடத்தில், அந்தப் பாத்திரத்துக்கு அடையாளமான காய் விட்ட இடத்திலேயே கிடக்கும். ஆட்டம் முடிந்ததும் வரைபடத்தின்மேல் கண்ணாடிப் பலகையை மூடிவிடுவேன். வாரம் முழுக்க நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவேன். வீட்டில் வேறு மேசை இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கேட்க வந்தது இது இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தட்டிக்குப் பின்னால் பகடை என்ன சொன்னதோ அதை நான் சொன்னதில்லை. மூன்றாவது வருடம் ஓடக்காரன் சுழலில் விழுந்தான். உருட்டினேன். இரண்டு பகடையிலும் ஒன்று. செத்திருக்க வேண்டும். பெயிண்டர் முகத்தைப் பார்த்தேன். சோறு போடுகிறவளின் கையைக் குழந்தை பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பதினொன்னு. ஒரு வேர் கையில மாட்டுச்சு" என்றேன். எழுந்து, தட்டி சரிய, என்னைக் கட்டிக்கொண்டான். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. அதற்கப்புறம் பகடை உருளும், பார்ப்பேன், நான் நினைத்த எண்ணைச் சொல்வேன். பதினோரு வருடத்தில் என் மேசையில் ஒருவர்கூடச் சாகவில்லை, மேடம். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

என் பிழைப்பு மருந்துக்கடையில். இருபத்திரண்டு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். அங்கேயும் ஒரு தடுப்பு இருக்கிறது, மங்கல் கண்ணாடி வைத்தது. அதற்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணுவேன். பெயிண்டருக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு. தினம் மாத்திரை போட்டால் ஒன்றும் வராது. ஆனால் அவன் மறதிக்காரன். பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டால் சாப்பாடே மறந்துவிடும். அதனால் ஒன்பது வருடமாக நானே சின்னச் சின்னக் காகித உறையில் நாளுக்கு ஒன்றாகப் போட்டு, மேலே தேதி எழுதி, மாதம் ஒன்றாம் தேதி கொடுத்துவிடுவேன். "நீ மட்டும் இல்லேன்னா இவன் என்னிக்கோ எங்கயாவது விழுந்து கெடந்திருப்பான் தம்பி" என்று அக்கா சொல்வார். அவர் அந்த உறைகளைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. நான் கட்டியது என்றால் அவருக்கு அது போதும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பெயிண்டருக்கு ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு வரைபடப் புத்தகம் அச்சடிக்கிற கம்பெனி. வேறு ஊர், ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். வரைபடம் வரைகிற வேலை, நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. வாழ்நாள் முழுக்க ஏணிமேல் நின்று "இங்கு சைக்கிள் பழுது பார்க்கப்படும்" என்று எழுதியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரியாமல் இல்லை. மாதிரிக்கு என்ன அனுப்பினாய் என்று கேட்டேன். "நம்ம ஆத்தைத்தான். வேற என்ன இருக்கு எங்கிட்ட?" என்றான். என் ஆற்றைக் காட்டித்தான் அந்த வேலையை வாங்கியிருந்தான்.

டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். ஆறு மாதம் வலிப்பு வராமல் இருந்தால் தனியாகப் போய் இருக்கலாம். நடுவில் வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆறு மாதம். அக்காவும் அதில் உறுதியாக இருந்தார். கம்பெனியும் காத்திருப்பதாக எழுதியது.

அந்த ஞாயிறு மற்றவர்கள் வருவதற்கு முன்னால் பெயிண்டர் வந்து உட்கார்ந்தான். "ஆறு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஏழாம் துறையக் காட்டிடு. ஓடக்காரனக் கரை சேத்துட்டுப் போனா நிம்மதியாப் போவேன்."

"அதுக்கப்புறம்?"

"மாசம் ஒரு ஞாயிறு ரயில் ஏறி வந்துடறேன். புதுசா ஏதாவது ஆரம்பிக்கலாம்."

"மாசத்துக்கு ஒரு தடவ வந்தா விருந்தாளி. ஆட்டக்காரன் இல்ல."

சிரித்தான். "சரி, விருந்தாளிக்கு டீயாவது குடுப்பியா?"

கொடுத்தேன். சரி என்றும் சொன்னேன். இங்கேதான் உங்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். ஏழாம் துறையில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பதினோரு வருடமாக மூன்று பேரை ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போட வைத்திருக்கிறேன், ஓடக்காரனின் தொலைந்துபோன அண்ணன் அங்கே இருக்கிறான், அங்கே போனால் எல்லாம் விளங்கும் என்று சொல்லிச் சொல்லி. ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை முடிந்து வந்து இருபதாவது நோட்டைத் திறப்பேன். "ஏழாம் துறை" என்று எழுதி அடிக்கோடு போடுவேன். சத்திரக்காரனின் மாமியாருக்கு நாற்பது பக்கம் எழுதிய கை அங்கேயே நிற்கும். அந்த நோட்டும் உங்களிடம்தான் இருக்கிறது, பாருங்கள். அடிக்கோடுகள் மட்டும் இருக்கும்.

ஆகவே எனக்குக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது. அவ்வளவுதான் தேவைப்பட்டது. என்னை மட்டும் நினைத்து இதைச் செய்யவில்லை. பெயிண்டர் போய்விட்டால் அக்கா டியூட்டி முடிந்து யாருமில்லாத வீட்டைத் திறக்க வேண்டும். லிஃப்ட்காரருக்கு ஞாயிறைத் தவிர வாரத்தில் வேறு நாளே கிடையாது. ஒரு மேசை நாலு காலில் நிற்கிறது. ஒரு காலை எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் சமாளி என்றால் எப்படி.

நான் முடிவு செய்யவில்லை, பகடைதான் செய்தது. அதில் நான் கறாராக இருந்தேன். கடைத் தடுப்புக்குப் பின்னால் ஒரே ஒரு பகடையை வைத்துக்கொண்டேன். ஒன்றாம் தேதி உறை கட்டும்போது ஒரு தடவை உருட்டுவேன். ஒன்று விழுந்தால் அந்த மாதம் ஒரு வாரத்து உறைகளில் அவனுடைய மாத்திரை இருக்காது, அதே நிறத்தில், அதே அளவில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை இருக்கும். வேறு எந்த எண் விழுந்தாலும் ஒன்றும் கிடையாது, அவன் மாத்திரை அவனுக்கு. ஆறில் ஒரு வாய்ப்பு. என் மேசையில் இதைவிட மோசமான ஆபத்திலிருந்தெல்லாம் அவன் தப்பியிருக்கிறான். நியாயமான ஆட்டமாகத்தான் எனக்குப் பட்டது.

மூன்று மாதம் ஒன்று விழவில்லை. நான் கை வைக்கவும் இல்லை. நாலாவது மாதம் விழுந்தது. ஒரு தையல் கடை வாசலில் இரண்டு படி ஏணியிலிருந்து விழுந்தான். முழங்கை வீங்கி, கன்னத்தில் நீல பெயிண்ட் அப்பிக்கொண்டு, கட்டிலில் கிடந்தான். நான் கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். "நாலு மாசம் தண்ணிலதான் போச்சு. இனிமே முதல்லேர்ந்து" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. நடிப்பு இல்லை, மேடம். அந்த மாதிரி நடிக்கிற ஆள் நான் இல்லை.

அந்த ஞாயிறு கையில் கட்டோடு வந்தான். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. சுங்கக்காரனுக்கும் கொள்ளைக்காரிக்கும் ஒரு பூசணிக்காய்க்காகச் சண்டை வந்து, நாங்கள் நாலு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பதினோரு வருடத்தில் அது நல்ல ஞாயிறுகளில் ஒன்று.

இரண்டாவது தடவை பகடை உருண்டு மருந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. எனக்கு முழங்கால் வலி, குனிய முடியவில்லை. அடியில் கிடப்பது ஒன்றாகவும் இருக்கலாம் அல்லவா. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த மாதம் பெயிண்டர் தெருவில் விழுந்து முன்பல் உடைந்தது. அடுத்த ஞாயிறு, "ஓடக்காரனுக்கும் பல் போச்சுன்னு எழுதிக்கோ, பொருத்தமா இருக்கட்டும்" என்றான். எழுதிக்கொண்டேன். லிஃப்ட்காரர், "வெண்ணெ தெரளும்போதுதான் தாழி உடையும், அதுக்குன்னு கடையறத விட்டுடாதே மாப்ளே" என்று அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. ஒரு தேதி போட்டு, இதுவே கடைசி என்று எழுதியிருந்தார்கள்.

இதற்கிடையில் நான் சும்மா இருக்கவில்லை. ஆறாம் துறையில் படகு யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கைக் கிளப்பினேன். ஏழு ஞாயிறு சாட்சி விசாரணை. லிஃப்ட்காரர் நாற்காலியிலேயே தூங்கிப்போவார். "அண்ணே, உங்க முறை" என்றால், கண்ணைத் திறக்காமல், "தீர்ப்பு வந்ததும் எழுப்பு தம்பி" என்பார். அக்கா மடியில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே வசவு வைத்தார், முன்பு இருந்த காரம் இல்லாமல். எனக்கும் வாயெல்லாம் வறண்டு போகும். சாட்சிகள் எல்லாருக்கும் நானே குரல் கொடுக்க வேண்டும். சில ஞாயிறு, இவர்கள் வராமலே இருந்துவிட்டால் தேவலை என்றுகூடத் தோன்றியது. ஆனால் மூன்று மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டால் போய்க் கதவைத் திறப்பேன்.

மூன்றாவது தடவை ஐந்து மாதம் தாண்டிவிட்டது. பெயிண்டர் பெட்டி வாங்கிவிட்டான். அக்கா தலையணை உறை தைத்துக் கொடுத்தார். "இன்னும் நாலு ஞாயிறுதான் தலையெழுத்து. வழக்க வாபஸ் வாங்கு" என்றான். அந்த ஒன்றாம் தேதியும் உறை கட்டிக் கொடுத்தேன்.

அவன் கடைசியாக வந்த ஞாயிறு ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதனால்தான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வரைபடத்தில் ஓடக்காரனுக்கு ஒரு சட்டைப் பொத்தான்தான் காய். அன்று ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அது இரண்டாக உடைந்துவிட்டது. பெயிண்டர் பையைத் துழாவினான். காலையில் போட மறந்த உறை ஒன்று கையில் அகப்பட்டது. அதைப் பிரித்து, மாத்திரையை எடுத்து ஆறாம் துறையில் வைத்தான். "இன்னிக்கு ஓடக்காரன் வெள்ள வேட்டி கட்டியிருக்கான்." வைத்த பிறகு குனிந்து பார்த்தான். எழுத்தில் ஒரு நூலளவு கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

"இதுல நடுவுல ஒரு கோடு இருக்குமே?"

"கம்பெனி மாத்திட்டாங்க."

"கோடு இல்லாம எப்பிடிப் பாதியா உடைப்பாங்க?"

"நீ எதுக்கு உடைக்கணும்? முழுசா முழுங்கு."

"சரிதான்" என்றான். சமையலறையில் அக்கா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை; லிஃப்ட்காரர் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். பெயிண்டர் தட்டிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "தட்டிக்குப் பின்னாடி நடக்கறதக் கேக்கக் கூடாது. விதி விதிதான்."

ஆட்டம் முடிந்ததும் எல்லாக் காய்களையும் அப்படியே விட்டுக் கண்ணாடியை மூடினேன்.

அடுத்த சனிக்கிழமை பகலில், அக்கா டியூட்டியில் இருந்தபோது, குளியலறையில் அவனுக்கு வலிப்பு வந்தது. குழாய் திறந்தே இருந்திருக்கிறது. படிக்கட்டில் தண்ணீர் இறங்குவதைக் கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்த லிஃப்ட்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்தான் தாழ்ப்பாளைக் கழற்றித் திறந்தது. எனக்கு அவர்தான் போன் செய்தார். "தம்பி, பெயிண்டர் போயிட்டான்" என்றார். நான் யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வரை எண்ணி, உறையில் போட்டு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

இரண்டு வாரம் அந்த மாத்திரை கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போனேன். எடுத்து ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கியிருக்கலாம். சுண்ணாம்புச்சத்துதான், என் முழங்காலுக்கு நல்லதுகூட. நீங்கள் நேற்று, "ஏன்யா எடுக்கல?" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டீர்கள். வராதவர் காயைத் தொடக் கூடாது, மேடம். நானே போட்ட விதி.

மூன்றாவது ஞாயிறு, சரியாக மூன்று மணிக்கு, அக்காவும் லிஃப்ட்காரரும் வந்தார்கள். ஆடுவதற்கு இல்லை. எங்கே போவது என்று தெரியாமல் கால் பழகின இடத்துக்கு வந்துவிட்டது. டீ போட்டேன். யாரும் குடிக்கவில்லை. அப்புறம் அக்கா கண்ணாடிமேல் கையை வைத்தார்.

"அவன் காய நான் எடுத்துட்டுப் போறேன் தம்பி."

"விதி இருக்குக்கா."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். லிஃப்ட்காரர், "விடு தம்பி" என்று மட்டும் சொல்லிக் கண்ணாடியைத் தூக்கினார்.

அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பொத்தானைத் தேடி வந்தவர், மாத்திரையைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார், இவன் புத்தி போகாது என்கிற மாதிரி. பிறகு புரட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை புரட்டினார். இருபத்தைந்து வருடமாக வார்டில் மாத்திரை கொடுக்கிற கை.

"இதுல கோடு இல்லையே."

"கம்பெனி மாத்திட்டாங்கக்கா."

"எங்க வார்டுல அதே கம்பெனிதான். நேத்துகூடக் கோடு இருந்துச்சு."

இன்னொரு பொய் தேடத் தோன்றவில்லை, அவ்வளவு அசதி. அக்கா மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தார். பதினோரு வருடம் என் மேசையில் அத்தனை வசவு வைத்தவர், அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வசவாவது வைத்திருக்கலாம். நாலு நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள்.

இன்று காலை இரண்டு பேருடைய வாக்குமூலத்தையும் படிக்கக் கொடுத்தீர்கள். படித்தேன். நாலு வருடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம் என்று நினைத்ததாக லிஃப்ட்காரர் சொல்லியிருக்கிறார். அக்காவும் அதையே சொல்லியிருக்கிறார். "அவனுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா, நாமளும் போகலேன்னா அவன் என்ன செய்வான்" என்று பெயிண்டர்தான் ஒவ்வொரு ஞாயிறும் அவர்களைக் கிளப்பிக்கொண்டு வந்தானாம். துக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள். அவர்களுக்கு அந்த மேசை எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

அவன் பெட்டியில் இருந்த காகிதத்தையும் காட்டினீர்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்று எனக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்ததாம். "அங்க என்ன இருக்குன்னு அவனுக்கே தெரியாதுக்கா. பாவம், சொல்லவும் வெக்கப்படறான். நானே வரைஞ்சு குடுத்துடறேன்" என்றானாம். ஏழாம் துறை. பனிமூட்டம் இல்லை. அகலமான கல்படிகள், கரையில் கட்டின படகு, வேறு ஒன்றும் இல்லை. படியில் நாலு ஜோடிச் செருப்பு கழற்றிக் கிடக்கிறது. வார் அறுந்து ஊக்குப் போட்டது அக்காவுடையது. கனத்த பூட்ஸ் லிஃப்ட்காரருடையது. பெயிண்ட் சொட்டுச் சொட்டாக இருப்பது அவனுடையது. நாலாவதில் இடது குதிகால் மட்டும் தேய்ந்திருக்கிறது. என் முழங்கால் வலியால் அப்படித்தான் தேயும். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று தெரியவில்லை. இவ்வளவு சுலபம் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று உங்கள் காவலர் முணுமுணுத்தார். கேட்டது. எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை மாற்றியது நான். மூன்று தடவையும் நான்தான். அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆறில் ஒரு வாய்ப்பு மட்டும் கொடுத்துவிட்டுப் பகடையிடம் விட்டேன் என்று முதலிலேயே சொன்னேன். நீங்களும் தலையாட்டி எழுதிக்கொண்டீர்கள்.

அப்புறம் பேனாவை மூடிவிட்டு ஒன்று கேட்டீர்கள். பதினோரு வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, பெயிண்டர்கூட. கடைசி மாதம் பகடையில் என்ன விழுந்தது என்று கேட்டீர்கள்.

நாலு, மேடம். நன்றாக ஞாபகம் இருக்கிறது. குனிய வேண்டியிருக்கவில்லை, கண்ணுக்கு நேராகக் கிடந்தது. ஒன்று என்று சொல்லிக்கொண்டேன்.